அலைகளுக்கு வரப்பு வந்த கதை

அமெரிக்காவில் ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) தேர்வு நடப்பது பெரும்பாலும் ஒரு நூலகத்தின் பின்னறையில், அல்லது ஒரு தேவாலயத்தின் கூடத்தில். நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத மூன்று ஹாம்கள். 35 கேள்விகளில் 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. ‘டெக்னீஷியன்’ உரிமத்தோடு உள்ளே போனவர் ‘ஜெனரல்’ ஆகி வெளியே வருகிறார். புது உரிமம் அரசின் கணினியில் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கையில் கொடுத்த சான்றிதழை வைத்துக்கொண்டு, தன் அழைப்புக்குறியின் வாலில் ‘ஏஜி’ என்ற இரண்டெழுத்தைச் சேர்த்துச் சொல்லி, அன்று மாலையே புதிய அலைவரிசைகளில் பேச ஆரம்பிக்கலாம்.

வீட்டுக்கு வந்து அலைவரிசை அட்டவணையை விரித்துப் பார்க்கும்போதுதான் தலை சுற்றும். 20 மீட்டர் பேண்ட் 14.000 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 14.350-இல் முடிகிறது. அதில் முதல் 25 கிலோஹெர்ட்ஸ் ஜெனரலுக்குக் கிடையாது. 14.025 முதல் 14.150 வரை மோர்ஸும் டேட்டாவும் அனுப்பலாம். அங்கிருந்து 14.225 வரை மறுபடியும் நுழையக் கூடாத இடம். அதற்கு மேல் பேசலாம். 40 மீட்டரிலும் இதே மாதிரி துண்டு துண்டாக: 7.025 முதல் 7.125 வரை ஒரு துண்டு, நடுவே ஓர் இடைவெளி, 7.175 முதல் 7.300 வரை இன்னொரு துண்டு. ஆனால் 17 மீட்டருக்குப் போனால் ஒரு வேலியும் இல்லை, பேண்ட் முழுக்கத் திறந்து கிடக்கிறது. வான்வெளியில் இப்படித் துண்டு நிலம் அளந்து கொடுத்தது யார்? எந்தக் கணக்கில்?

பலர் இதை மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த அட்டவணையின் ஒவ்வொரு கோடும் ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஒரு வழக்கில் போடப்பட்ட வரப்பு. அது தெரிந்த பிறகு அதே அட்டவணை ஒரு கிராமத்தின் பழைய நிலவரைபடம்போல் தெரிய ஆரம்பிக்கும்.

கதை ஒரு கப்பலோடு தொடங்குகிறது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. அதன் உதவிக் குரலைக் கேட்டு கார்பேதியா வந்ததால்தான் எழுநூறு பேராவது பிழைத்தார்கள். பக்கத்தில் இருந்த கலிஃபோர்னியன் கப்பலின் ரேடியோக்காரர் கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார். அடுத்த இரண்டு நாள் அமெரிக்கக் கடற்கரை முழுக்க செய்திகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. எல்லாப் பயணிகளும் பத்திரம் என்றுகூடப் பொய்ச்செய்தி கிளம்பியது. பழி அமெச்சூர்கள் மேல் விழுந்தது. வீட்டு மாடியில் தீப்பொறி பறக்கும் கருவியை வைத்துக்கொண்டு, எந்த உரிமமும் இல்லாமல், இஷ்டப்பட்ட அலைநீளத்தில் அனுப்பிக்கொண்டிருந்த இளைஞர்கள் மேல் கடற்படைக்கு அதற்கு முன்பே கோபம் இருந்தது.

அந்த ஆகஸ்டிலேயே சட்டம் வந்தது. இனி உரிமம் வேண்டும். அமெச்சூர்கள் 200 மீட்டரும் அதற்குக் குறைவான அலைநீளமும்தான் பயன்படுத்த வேண்டும், அதுவும் ஒரு கிலோவாட்டுக்கு மிகாமல். இன்றைய கணக்கில் 200 மீட்டர் என்றால் 1500 கிலோஹெர்ட்ஸ், அதாவது மத்திய அலையின் ஓரம். அந்தக் காலத்து நம்பிக்கை, அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் போகும் என்பது. கடற்படையும் வணிக நிறுவனங்களும் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மீட்டர் அலைகளைப் பிடித்து வைத்திருந்தன. 200-க்குக் கீழே இருந்ததை யாரும் தேடவில்லை. தாலுகா ஆபீசில் சொல்வார்களே, ‘புறம்போக்கு, எதற்கும் ஆகாது’ என்று. அந்த நிலத்தைத்தான் அமெச்சூர்களுக்கு ஒதுக்கினார்கள். அங்கே போனால் பக்கத்து ஊரைக்கூட எட்ட முடியாமல் தானே சோர்ந்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்தவர்கள் அன்று நிறைய.

அவர்கள் விடவில்லை. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹைரம் பெர்சி மேக்சிம் என்ற பொறியாளர் இருந்தார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மேக்சிமின் மகன். தன் கருவி எட்டாத தூரத்துக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டியிருந்தபோது, நடுவழியில் இருந்த இன்னொரு அமெச்சூரிடம் கொடுத்து அவர் வழியாக அனுப்பினார். ஒருவர் கை மாற்றி ஒருவர் கொண்டுபோனால் நாடு முழுக்கப் போகலாமே என்று தோன்றியது. 1914-இல் அவர் தொடங்கிய சங்கத்துக்கு அமெரிக்க ரேடியோ ரிலே லீக் என்று பெயர் வந்தது அதனால்தான். ‘ரிலே’ என்ற சொல் இன்றும் அந்தப் பெயரில் இருக்கிறது. புறம்போக்கில் குடியேறியவர்கள் கைகோத்துத் தண்ணீர் கடத்திய காலத்தின் நினைவு அது.

முதல் உலகப் போரில் எல்லா அமெச்சூர் நிலையங்களையும் அரசு மூடியது. 1919-இல் மறுபடி திறந்தார்கள். அதற்குள் வெற்றிடக் குழாய்கள் வந்துவிட்டன. தீப்பொறிக் கருவிகள் மெதுவாக ஓரங்கட்டப்பட்டன. 1921 டிசம்பரில் லீக் தன் ஆளாக பால் காட்லி என்பவரைக் கடல் தாண்டி அனுப்பியது. ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் ஊரில், கடற்கரையோரம், குளிரிலும் மழையிலும் கூடாரம் அடித்து, நீண்ட கம்பியைத் தரையோரமாக இழுத்துக் கட்டி, இரவெல்லாம் காதொலிப்பானோடு உட்கார்ந்தார். இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க அமெச்சூர் நிலையங்கள் அவர் காதில் விழுந்தன. அவற்றில் கனெக்டிகட்டின் கிரீனிச்சிலிருந்து வந்த 1பிசிஜி நிலையத்தைக் கட்டியவர்களில் ஒருவர் எட்வின் ஆம்ஸ்ட்ராங். பிற்பாடு எஃப்எம் ரேடியோவைத் தந்த அதே ஆம்ஸ்ட்ராங்.

இதுவரை அவர்கள் நின்றது 200 மீட்டரின் வாசலில். உள்ளே போய்ப் பார்த்தால் என்ன என்று 1923-இல் துணிந்தார்கள். அந்த நவம்பரின் இறுதியில் கனெக்டிகட்டின் ஃபிரெட் ஷ்னெலும் ஜான் ரைனார்ட்ஸும், பிரான்சின் நீஸ் நகரில் இருந்த லியோன் டெலாயும் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலிருந்து ஒருவருக்கொருவர் பதில் சொல்லிப் பேசினார்கள். அலைநீளம் ஏறக்குறைய 110 மீட்டர். எதற்கும் ஆகாது என்று ஒதுக்கிய நிலம் கடலைத் தாண்டியது.

காரணம் மேலே இருந்தது. சூரிய ஒளி மேல்வானத்துக் காற்றை அயனியாக்கி வைத்திருக்கும் அடுக்கு, இந்தச் சிறிய அலைகளை வளைத்துப் பூமிக்கே திருப்பி அனுப்புகிறது. அப்படி ஓர் அடுக்கு இருக்கக்கூடும் என்று 1902-லேயே கென்னெல்லியும் ஹெவிசைடும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். இங்கிலாந்தின் ஆப்பிள்டன் அதைச் சோதித்து நிறுவியது 1924-இல்தான். கொள்கையை நிறுவும் சோதனைக்கு ஓராண்டு முன்பே, வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த அடுக்கில் பந்தடித்து விளையாடிவிட்டார்கள். இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நெஞ்சு நிறையும்.

விளைந்த நிலத்துக்கு உடனே ஆள் வந்துவிடுவார்கள். சிற்றலைகளைக் கேட்டு நிறுவனங்களும் நாடுகளும் வரிசையில் நின்றன. அமெச்சூர்களிடம் இருந்த பரந்த வெளி சுருங்கியது. 1924-இல் அமெரிக்க அரசு 80, 40, 20, 5 மீட்டர்களில் துண்டுகளைக் கொடுத்தது. 1927-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு இவற்றோடு 160, 10 மீட்டர்களையும் சேர்த்து உலகம் முழுமைக்குமாக எழுதி வைத்தது. ‘பேண்ட்’ என்று இன்று நாம் சொல்வது பிறந்தது அங்கேதான்.

அந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 3.5, 7, 14, 28 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொன்றும் முந்தையதின் இரட்டிப்பு. பிற்பாடு சேர்ந்த 21, ஏழின் மூன்று மடங்கு. இது தற்செயல் இல்லை. எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் அலையோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அலைகளையும் கொஞ்சம் கசியவிடும். 3.5-இல் அனுப்புகிறவரின் கசிவு 7-இல் விழும். 7-இல் அனுப்புகிறவரின் கசிவு 14-இல் விழும். கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டில் விழுந்தால்தானே சண்டை? தன் தாழ்வாரத்துத் தண்ணீர் தன் முற்றத்திலேயே விழும்படி நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். அலைவரிசையைத் தீர்மானிக்கும் ஒரே படிகத்தை வைத்து, அதன் அலையை இரட்டிப்பாக்கி அடுத்த பேண்டுக்குப் போகும் வசதியும் கூடவே கிடைத்தது. ஒரு பேண்டுக்கு வெட்டிய ஆண்டெனா அதன் மூன்று மடங்கு அலையிலும் ஓரளவு வேலை செய்யும். 40 மீட்டர் கம்பியில் 15 மீட்டரும் பேசலாம் என்பது இன்றும் புதிய ஜெனரல்கள் கண்டு மகிழும் விஷயம்.

பேண்டுகள் வந்தன. பேண்டுக்குள் வரப்பு எப்படி வந்தது?

1930-களிலேயே அமெரிக்காவில் ஏ, பி, சி என்று உரிம வகுப்புகள் இருந்தன. 75 மீட்டரிலும் (80 மீட்டர் பேண்டின் பேச்சுப் பகுதி) 20 மீட்டரிலும் குரலில் பேச ஏ வகுப்பு வேண்டும். 1951-இல் பெயர்கள் மாறின: நோவிஸ், டெக்னீஷியன், ஜெனரல், கண்டிஷனல், அட்வான்ஸ்டு, எக்ஸ்ட்ரா. பெயர்தான் ஆறு. 1953-இன் தொடக்கத்தில் ஜெனரலுக்கே எல்லாப் பேண்டிலும் முழு உரிமை கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு, நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் மோர்ஸ் எழுதி எக்ஸ்ட்ரா வாங்குகிறவருக்கு சுவரில் மாட்ட ஒரு காகிதம் கிடைக்கும், அவ்வளவுதான். பத்து வருடம் மேலே ஏறியவர்கள் மிகச் சிலரே. ஏறக் காரணமும் இல்லை.

1963-இல் லீக் ஒரு யோசனையைக் கிளப்பியது. மேல்வகுப்புக்குத் தனி இடம் ஒதுக்குவோம், அந்த ஆசையில் எல்லோரும் படிப்பார்கள். அப்போது லீக்கின் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் ஜூனியர். அவருடைய தந்தை ஹெர்பர்ட் ஹூவர்தான் 1924-இல் பேண்டுகளைக் கொடுத்த வணிகத் துறையின் செயலர். 1927 மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. பிறகு அமெரிக்க ஜனாதிபதி. அப்பன் காலத்தில் அளந்து கொடுத்த நிலத்துக்கு மகன் காலத்தில் பாகம் பிரித்தார்கள். நம் ஊர்க் குடும்பங்களில் பாகப்பிரிவினை எப்படி நடக்குமோ, அப்படித்தான் நடந்தது.

ஆனால் புது நிலம் எதுவும் வரவில்லை. மேல்வகுப்புக்குக் கொடுப்பதற்கு ஜெனரலிடமிருந்து எடுக்க வேண்டியிருந்தது. 1968 நவம்பர் 22-ஆம் தேதி முதல் கட்டம் அமலுக்கு வந்தது, சரியாக ஓராண்டு கழித்து இரண்டாம் கட்டம். 80, 40, 20, 15 மீட்டர்களின் அடிப்பக்கத்து 25 கிலோஹெர்ட்ஸ் எக்ஸ்ட்ராவுக்கு. தூர தேசத்து மோர்ஸ் நிலையங்கள் கூடும் இடம் அதுதான். வயலில் வண்டல் படியும் மடைவாய் மாதிரி. பேச்சுப் பகுதிகளின் கீழ்ப்பாகம் அட்வான்ஸ்டுக்கும் எக்ஸ்ட்ராவுக்கும். பல வருடம் ஓரிடத்தில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்த ஒரு ஜெனரல், ஒரு காலையில் எழுந்து அங்கே பேசினால் சட்டமீறல். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவருடைய தேர்வும் செல்லாமல் போகவில்லை. அந்த மனவருத்தம் ஒரு தலைமுறை முழுக்க இருந்தது. பல பேர் கடைசிவரை லீக்கை மன்னிக்கவில்லை.

படிக்க வைத்ததா என்றால், வைத்தது. பலர் அட்வான்ஸ்டும் எக்ஸ்ட்ராவும் வாங்கினார்கள். ஆனாலும் கொடுத்ததைப் பிடுங்கி ஆசை காட்டும் முறை எனக்கு ஒப்பவில்லை. 1951-லேயே வரப்பைப் போட்டிருந்தால் யாரும் இழந்திருக்க மாட்டார்கள்.

அட்டவணையில் இன்னும் விளங்காத கோடுகளுக்கும் இங்கே விடை இருக்கிறது. 1979-இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு 30, 17, 12 மீட்டர் பேண்டுகளைத் தந்தது. 1968 சண்டை நடந்தபோது இவை ஹாம்களிடம் இல்லவே இல்லை. ஜெனரலுக்கு இவற்றில் வரப்பும் இல்லை. 17 மீட்டர் திறந்து கிடப்பது அதனால்தான். டெக்னீஷியன் உரிமத்துக்கு 80, 40, 15 மீட்டர்களில் மோர்ஸ் மட்டும் அனுமதி என்பது வேடிக்கையாகத் தோன்றும், ஏனென்றால் 2007 பிப்ரவரியிலிருந்து எந்த உரிமத்துக்கும் மோர்ஸ் தேர்வே கிடையாது. அது பழைய நோவிஸின் பங்கு. மோர்ஸ் கற்றுக்கொள்கிற தொடக்கக்காரர்களுக்கென்று ஒதுக்கிய பங்கு டெக்னீஷியனுக்குச் சொத்தாக வந்தது. 2000 ஏப்ரலுக்குப் பிறகு நோவிஸ், அட்வான்ஸ்டு உரிமங்களை யாருக்கும் புதிதாகக் கொடுப்பதில்லை. ஆனாலும் 20 மீட்டரில் 14.175-இல் அட்வான்ஸ்டின் கோடு இன்னும் இருக்கிறது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக. ஆள் குறையக் குறைய வரப்பு மட்டும் நிற்கிறது. 2006 டிசம்பரில் ஒரு பெரிய மாற்றம் செய்து பேச்சுப் பகுதிகளை அகலமாக்கினார்கள்; இன்று நாம் படிக்கும் 7.175 அந்த ஏற்பாட்டின் எண்.

வரப்பை அறிந்தவரும் வழுக்கும் ஓர் இடம் உண்டு. ரேடியோவின் முகத்தில் தெரியும் எண், அலை பிடித்திருக்கும் இடத்தின் ஓரத்தை மட்டுமே காட்டும். ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்எஸ்பி) முறையில் குரல் ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் அகலம் எடுக்கும். 40 மீட்டரில் எல்லோரும் கீழ்ப்பக்கப்பட்டையில் பேசுகிறார்கள், எண்ணில் 7.175 என்று வைத்துப் பேசினால் குரல் 7.172 வரை இறங்கிவிடும், முழுக்க அடுத்தவர் வயலில். 7.178 வைத்தால் பத்திரம். 20 மீட்டரில் மேல்பக்கப்பட்டை. அங்கே 14.225 என்று வைத்தால் தப்பில்லை, குரல் மேலே ஏறும், ஆனால் 14.350 என்று வைத்தால் பேண்டையே தாண்டிவிடும். அங்கே 14.347-க்கு மேல் போகக் கூடாது.

இவ்வளவும் சட்டம் போட்ட வரப்பு. இனி வருவது வேறு.

ஜெனரல் ஆன முதல் வாரம் ஒருவர் 14.100-இல் மோர்ஸ் தட்டினால் சட்டப்படி குற்றமில்லை. அது 14.025-க்கும் 14.150-க்கும் நடுவில்தானே இருக்கிறது? ஆனால் யாரும் அங்கே தட்டுவதில்லை. 14.230-இல் படம் அனுப்புகிறவர்கள் கூடுவார்கள். 14.074-இல் எஃப்டி8, நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017-இல் தந்த டிஜிட்டல் முறை. இரண்டு மீட்டரில் 146.520 எஃப்எம்மில் கூப்பிட்டுப் பார்க்கும் இடம். இவை எதுவும் உரிம வகுப்பின் அட்டவணையில் இல்லை. இவற்றுக்குப் பெயர் பேண்ட் பிளான். அமெச்சூர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு.

இது பிறந்ததற்கு அமெரிக்க விதியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. எந்த அலைவரிசையும் எந்த ஒரு நிலையத்துக்கும் தனிச்சொத்து இல்லை என்று விதி சொல்கிறது. எல்லோரும் ஒத்துழைத்துப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. எப்படிப் பங்கிடுவது என்று சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஊர்ப் பஞ்சாயத்துதான் வேண்டும். 1925-இல் பாரிஸில் சர்வதேச அமெச்சூர் ரேடியோ யூனியன் உருவானது. மேக்சிமே முதல் தலைவர். உலகத்தை மூன்று வட்டாரங்களாகப் பிரித்து அது பேண்ட் பிளான்களை வகுக்கிறது. இந்தியாவும் இலங்கையும் மூன்றாம் வட்டாரம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில், எங்கே மோர்ஸ் எங்கே குரல் என்பதையே சட்டம் சொல்வதில்லை. யூனியனின் பிளான்தான் சொல்கிறது. அமெரிக்காவில் அதே கோட்டைச் சட்டமே போடுகிறது.

வட்டாரம் மாறினால் நிலமும் மாறும். அமெரிக்காவில் 40 மீட்டர் 7.300 வரை, இந்தியாவில் 7.200-ஓடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே வானொலி ஒலிபரப்பு. நம் பழைய ரேடியோப் பெட்டியின் கண்ணாடியில் ‘41 மீட்டர்’ என்று அச்சிட்டிருக்குமே, அந்த இடம். 2009 மார்ச் இறுதி வரை நம் வட்டாரத்தில் பெரும்பாலான ஹாம்களுக்கு 7.100-ஓடே முடிந்தது. அப்போது அமெரிக்கர்கள் பேசிய இடத்தில் மற்ற நாட்டவர் பலர் பேச முடியாது, அவர்கள் பேசிய இடத்தில் அமெரிக்கர் குரல் கொடுக்கக் கூடாது. அதனால் ஒருவர் ஓரிடத்தில் பேசி இன்னோரிடத்தில் கேட்பார். ஆற்றின் இரு கரையில் நின்று கூவிக்கொள்வதுபோல் அப்படித்தான் பல வருடம் பேசிக்கொண்டார்கள்.

14.100-ஐ ஏன் காலியாக விடுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். அங்கே உலகம் முழுக்க 18 அடையாள நிலையங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நியூயார்க்கின் ஐ.நா. கட்டடத்தில் தொடங்கி கனடா, கலிஃபோர்னியா, ஹவாய் என்று முறை வைத்து, ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி. மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து. பட்டியலில் கொழும்புக்கும் ஓர் இடம் உண்டு, 4எஸ்7பி என்ற பெயரில். தன் முறை வந்ததும் ஒவ்வொரு நிலையமும் மோர்ஸில் தன் பெயரை அடிக்கும். பிறகு ஒரு விநாடி நீளத்தில் நான்கு கோடுகள். முதல் கோடு 100 வாட், அடுத்தது 10, அடுத்தது 1, கடைசி 0.1 வாட். எந்தக் கோடு வரை காதில் விழுகிறதோ, அந்தத் திசைக்கு வானம் அவ்வளவு திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே புதிதாக ஜெனரல் ஆனவருக்கு மூத்த ஹாம்கள் சொல்வது ஒன்றுதான்: முதல் நாள் பேசாதே, கேள். எண்ணை 14.100-இல் வைத்துவிட்டு, கையில் கடிகாரத்தோடு மூன்று நிமிடம் உட்கார். நியூயார்க் வரும், ஹவாய் வரும், ஜப்பான் வரலாம். கொழும்பின் முறை வரும்போது இரைச்சலுக்குள் பெயர் கேட்கிறதா என்று பார். கேட்டால், கோடுகளை எண்ணு: ஒன்று, இரண்டு, மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்று மூச்சை அடக்கிக் கேள்.